சிவப்பில் காட்டும் அந்த மதிய நேரம்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு 47 வயது. வீடு திருநகரில். கப்பலூரில் ஒரு தனியார் கம்பெனியில் 19 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவர் பைக்காராவில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மகள் சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறாள், மகன் கோவையில் படிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் உசிலம்பட்டியில் அப்பா தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு 74 வயது. 16ஆம் நாள் காரியம் வரைக்கும் ஆன செலவையெல்லாம் நான்தான் எழுதி, கணக்கு முடித்துத் தம்பியிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் மகள் எனக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தாள்.

அதில் ஆரம்பித்ததுதான். தூக்கம், நடை, இதயத்துடிப்பு, ஸ்ட்ரெஸ் என்று எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று மாத சராசரி சுகர் 5.9 என்று வந்ததும், கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரை இரண்டு முறை போட்டேன். செலவுக்கு ஒரு ஆப், மனநிலையைக் குறித்துவைக்க ஒரு ஆப். நெட்டில் வரும் ஆளுமைத் தேர்வுகளும் நிறைய எழுதிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுவைத்திருக்கிறேன். காலையில் தூக்க மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் நன்றாகத் தூங்கினேனா என்பதே எனக்குத் தெரிகிறது. 60க்குக் கீழே வந்தால் அன்றைக்கு முழுக்கச் சோர்வு. விடியற்காலை 3 மணிக்கு வியர்த்து விழித்துவிடுகிறேன். உடனே துடிப்பு எவ்வளவு என்று பார்ப்பேன். மாதவிலக்கும் இப்போது முன்னே பின்னே வருகிறது. 10,000 அடி முடியவில்லை என்றால் ராத்திரி பத்தரைக்கு ஹாலில் நடந்து முடிப்பேன். முன்பு எங்கள் தெருத் தோழியோடு திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி நடப்பேன். அவர் மெதுவாக நடப்பதால் துடிப்பு ஏறுவதில்லை என்று இப்போது தனியாகப் போகிறேன். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு மதிய இடைவேளையில் டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நேரத்தில் வாட்ச் ஸ்ட்ரெஸ்ஸைச் சிவப்பில் காட்டுகிறது. அதை நிறுத்திவிடலாமா என்று யோசனை.

போன மாதம் ஏதோ பேச்சில் கணவர், “உனக்கு என்னதான் வேணும்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதிலே வரவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்திருக்கிறேன், இந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இது நடுவயதுக் குழப்பமா, மனச்சோர்வா? ஜீன் பரிசோதனை செய்தால் என்னை இன்னும் கொஞ்சம் புரிந்துகொள்ள முடியுமா? வாட்சைக் கழற்றினால் மகள் வருத்தப்படுவாள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அதற்கு உடனே பதில் வராததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வயதில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். நீங்கள் எடுத்துவைத்திருக்கும் அளவுகளில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்காக எடுத்தது இல்லை. அதனால் இன்னும் எத்தனை வருடம் எடுத்தாலும் ஷீட்டில் அந்த வரி தானாக வந்து உட்காராது.

ஆனால் மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். விடியற்காலையில் வியர்த்து விழிப்பதையும், மாதவிலக்கு முன்னே பின்னே வருவதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் பேனாவை எடுத்து அடிக்கோடு போட்டது அந்த இரண்டு வரிகளுக்குத்தான். மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சீராக இல்லாமல் ஏறி இறங்கும். உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி அதனால் தடுமாறும். நடு ராத்திரியில் திடீரென்று வெப்பம் ஏறி, வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து விழிப்பு வருவது இதனால்தான். தூக்கம் கெடுவது, எரிச்சல், மறதி, காரணமில்லாமல் கண் கலங்குவது எல்லாம் கூடவே வரும். நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதையொட்டி மாதவிலக்கு நிற்பது சாதாரணம். இந்தக் காலகட்டத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் மற்ற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். “வயசானா அப்படித்தான்” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. முதலில் ஒரு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலோ கூடினாலோ மனுஷிக்குத் தன்னைப் பற்றிய நினைப்பே மாறிப்போகும். “நான் முன்னே மாதிரி இல்லை” என்று வருடக்கணக்கில் தன்னையே குறைசொல்லிக்கொண்டிருந்த பெண்கள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்ட சில மாதத்தில் பழையபடி ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வா என்று கேட்டீர்கள். கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளில் பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன, தன்னையே வெறுக்கிறோம் என்று இருந்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இருந்து என்ன செய்ய என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் கடிதத்தில் மதிய இடைவேளையைப் பற்றி எழுதிய இடத்தில் உயிர் இருக்கிறது. அதை வைத்து, பிடிப்பு முழுக்க விட்டுப்போகவில்லை என்று நினைக்கிறேன். அந்த இடைவேளையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுகர் விஷயம் சுருக்கமாக. மூன்று மாத சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எல்லையில் இருக்கிறது என்று அர்த்தம், 6.5லிருந்துதான் நீரிழிவு. நீங்கள் 5.9. கையில் ஒட்டும் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. அதனால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். சாப்பிட்ட பிறகு ஏறி இறங்குவது சுகரே இல்லாதவருக்கும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்தக் கருவி பெரிய வரம். உங்கள் நிலையில் இருப்பவர் அதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் இட்லியைப் பார்த்தாலே பயம் வருவதுதான் மிச்சம். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும்.

இனி தூக்க மதிப்பெண். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி இதுதான்: மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் நன்றாகத் தூங்கினேனா என்பதே தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தைச் சரியாக அளக்க வேண்டுமென்றால் ஆய்வகத்தில் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் மின்முனைகளை ஒட்டி, மூளை அலையையும் கண் அசைவையும் தசை இறுக்கத்தையும் ராத்திரி முழுக்கப் பதிவு செய்ய வேண்டும். மணிக்கட்டில் இருக்கும் வாட்சுக்கு மூளை தெரியாது. கை அசைவையும் துடிப்பையும் வைத்து ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று உத்தேசமாகப் போடுகிறது. மொத்தம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை ஓரளவு சொல்லும். அதற்கு மேல் அது சொல்வதை ஒரு ஊகம் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

அந்த ஊகம் சும்மா இருந்தால் பரவாயில்லை. 2014இல் அமெரிக்காவின் கொலராடோவில் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மூளை அலையை அளப்பதுபோல் பாவனை செய்து, சிலரிடம் உங்களுக்கு நேற்று நல்ல தூக்கம் என்றும், சிலரிடம் தூக்கம் போதவில்லை என்றும் பொய்யாகச் சொன்னார்கள். போதவில்லை என்று கேட்டவர்கள் அதற்குப் பின் எழுதிய தேர்வில் நிஜமாகவே மோசமாகச் செய்தார்கள். 60க்குக் கீழே வந்த அன்று உங்களுக்கு வரும் சோர்வில் எவ்வளவு ராத்திரியில் வந்தது, எவ்வளவு காலையில் திரையைப் பார்த்ததும் வந்தது என்று பிரித்துப் பார்க்க இப்போது உங்களிடம் வழியே இல்லை. தூக்க அளவீட்டைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் கூடிவிட்டதால் அமெரிக்க மருத்துவர்கள் 2017இல் அந்த நிலைக்குத் தனியாகப் பெயரே வைத்துவிட்டார்கள், ஆர்த்தோசோம்னியா என்று. ஆகவே இந்த மதிப்பெண்ணை நிறுத்துங்கள். ஒரு வாரமோ இரண்டு வாரமோ காலையில் எழுந்ததும் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள்: நல்ல தூக்கம், சுமார், மோசம். அவ்வளவுதான். உடம்பு சொல்வதைக் கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தது, அது திரும்பி வரும்.

அப்புறம் அந்த 10,000. இது மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த எண் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்பனைக்கு விட்ட அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரில் இருந்த எண். கேட்க நன்றாக இருந்தது, உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. சராசரி 72 வயதான பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு பலன் மேற்கொண்டு கூடவில்லை. அவர்களைவிட நீங்கள் 25 வயது சின்னவர், இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடக்கலாம். ஆனால் ராத்திரி பத்தரைக்கு ஹாலில் நடந்து எண்ணிக்கையை நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை.

இதில் எண்ணைவிட எனக்கு மனம் வலித்தது உங்கள் தோழி விஷயம். ஒரு மனுஷியோடு மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தீர்கள். பிள்ளைகளைப் பற்றி, மாமியாரைப் பற்றி, முட்டி வலியைப் பற்றி, விலைவாசியைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டுதான் நடந்திருப்பீர்கள். துடிப்பு ஏறவில்லை என்று அதை விட்டுவிட்டீர்கள். நடுவயதில் ஒரு தோழியை இழப்பது சின்ன இழப்பு இல்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தீர்களா? நாளைக்கே போய்க் கூப்பிடுங்கள். வேகமாக நடக்க ஆசை இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் தனியாக நடந்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த மதிய இடைவேளைக்கு வருகிறேன். வாட்ச் ஸ்ட்ரெஸ் என்று காட்டுவது எதை? தோலின் மேல் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுகிறது. மாற்றம் குறைந்தால், துடிப்பு கூடினால், உடம்பு உஷாராக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சிவப்பு போடுகிறது. பயத்திலும் உடம்பு உஷாராகும், உற்சாகத்திலும் ஆகும். காபி குடித்தாலும், சாப்பிட்டவுடனும், நின்றபடி உரக்கப் பேசினாலும் ஆகும். மேனேஜர் திட்டும்போதும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒரு பெண் பிடித்துக்கொண்டு தானாக ஒரு என்ட்ரி போடும்போதும் உங்கள் இதயம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் அடிக்கும். எதற்காக அடித்தது என்பது வாட்சுக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் அதை வாட்சிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கணக்கர், உங்களுக்கு இதை உங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம். டேலியில் ஒரு வவுச்சர் போட்டால் கீழே நரேஷன் எழுதுவீர்கள்: இன்ன தொகை, இன்னாருக்கு, இன்ன காரணத்துக்காக. நரேஷன் இல்லாமல் வெறும் தொகையாகப் போட்டுவைத்த கணக்கை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸில் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எந்தச் செலவு எதற்கு என்று போட்டவருக்கே விளங்காது. உங்கள் எக்செல் ஷீட்டில் இரண்டு வருட என்ட்ரி இருக்கிறது, நரேஷன் ஒன்றுகூட இல்லை. மதியம் ஒன்றே காலுக்கு ஸ்ட்ரெஸ் சிவப்பு என்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் ஜி.எஸ்.டி. என்ட்ரி புரிந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று அதற்கு எதிரே எழுதவில்லை. அதனால் இரண்டு வருடத்தில் உங்களுக்கு நடந்த நல்ல விஷயங்களில் ஒன்றை நோய் அறிகுறி என்று நினைத்து நிறுத்தப் பார்க்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கடிதம் முழுவதிலும் உங்களுக்கு நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நடுவயதுக் குழப்பமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். அவருடைய கட்டுரை வெளிவந்ததும் அந்த அடி எண்ணும் கருவி வந்த அதே 1965இல்தான். தானும் சாகப்போகிறவன் என்பது அந்த வயதில்தான் மனிதனுக்கு நிஜமாக உறைக்கிறது என்றார். எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வந்தே தீரும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை. பலர் பெரிய தடுமாற்றம் ஏதுமில்லாமல் அந்த வயதைத் தாண்டிவிடுகிறார்கள். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது. நடுவயதின் வேலை, நமக்குப் பின்னால் வருகிறவர்களை வளர்த்துவிடுவது, அது நடக்காதபோது மனம் தேங்கிப்போகிறது என்றார் அவர். பெற்ற பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். அந்த வேலையை உங்கள் மனம் கப்பலூர் ஆபீஸில், சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, தானாகவே ஆரம்பித்துவிட்டது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இவ்வளவு நீளக் கடிதத்தில் அவருக்கு இரண்டு மூன்று வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அதிலும் கடைசி வரி செலவுக் கணக்கு. வீட்டில் மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தபோது நீங்கள் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் கொடுத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மூத்த மகள், கணக்குத் தெரிந்தவள், வேறு யார் செய்வார்கள்? அடுத்த மாதம் வாட்ச் வந்தது. அப்பா தூக்கத்தில் போனார், நீங்கள் தூக்கத்தை அளக்கிறீர்கள். அப்பாவின் இதயம் நின்றது, விடியற்காலை 3 மணிக்கு உங்கள் துடிப்பைப் பார்க்கிறீர்கள். நேரில் பேசாமல் இதை நான் அழுத்திச் சொல்லக் கூடாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் ஒன்று நடந்துவிட்டது, இனி அப்படி நடக்கக் கூடாது என்று உங்களுக்குள் ஒருவர் விழித்துக் காவல் இருக்கிறாரோ? அழாத அழுகை எங்காவது உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அது முதுகு வலியில் உட்காரும், சிலருக்குக் கோபத்தில். உங்களுக்குக் கணக்கில் உட்கார்ந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஜீன் பரிசோதனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சில நோய்களுக்கான வாய்ப்பை அது சொல்லும், நீங்கள் யார் என்பதைச் சொல்லாது. குணம் என்பது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் துளித்துளிப் பங்கும், வளர்ந்த வீடும், பட்ட அனுபவமும் சேர்ந்தது. அந்தத் தகவல் ஒருமுறை வெளியே போனால் திரும்பப் பெறவும் முடியாது. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து 2023இல் லட்சக்கணக்கானவர்களின் விவரம் கசிந்தது, 2025இல் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. உங்கள் பயம் இதயத்தைப் பற்றியது என்றால் அதற்கு எளிய வழி இருக்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால்தான் குடும்பத்தில் இளவயது இதயநோய் என்று கணக்கில் எடுப்போம். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ என்றால் 65. உங்கள் அப்பாவுக்கு 74. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ஒரு ஈ.சி.ஜி. மூன்றையும் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள், போதும். ஆளுமைத் தேர்வுகள் ஒவ்வொரு மாதிரி சொல்வதிலும் ஆச்சரியம் இல்லை. ஆட்களை இத்தனை வகை என்று பெட்டியில் போடும் தேர்வுகளைச் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு பெட்டிதான் வருகிறது.

அப்படியானால் தனியாக உட்கார்ந்து “நான் யார், எனக்கு என்ன வேண்டும்” என்று யோசிக்கச் சொல்கிறேனா? அதையும் சொல்லவில்லை. 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்களுக்குப் பிடித்த சுவர்ப் படத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஏன் பிடிக்கிறது என்று காரணம் எழுதிவிட்டு எடுத்தவர்கள், சும்மா பிடித்ததை எடுத்தவர்களைவிடச் சில வாரம் கழித்துத் தங்கள் தேர்வில் திருப்தி குறைந்து இருந்தார்கள். சொல்ல வருகிற காரணமும் உள்ளே இருக்கிற காரணமும் வேறு வேறாக இருந்துவிடுகின்றன. தன்னையே தோண்டிக்கொண்டிருப்பதில் ஓர் எல்லை இருக்கிறது.

மற்றவர்களிடம் கேட்பது அதைவிடப் பலன் தரும். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் காட்டியது இது: பதற்றம், தன்மதிப்பு போன்று உள்ளே நடப்பது நமக்கே நன்றாகத் தெரியும். நம் திறமை, சாமர்த்தியம் போன்று நாம் பெருமையோ வெட்கமோ படும் விஷயங்களில் நம்மைவிட நண்பர்கள் சரியாகச் சொல்கிறார்கள். கணவரிடமும் அந்தத் தோழியிடமும் ஆபீஸில் ரொம்ப வருடமாகக் கூட இருக்கிற ஒருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “எதைப் பத்திப் பேசும்போது என் முகம் மாறுது?” மூன்று பேர் சொல்வதையும் மறுக்காமல் கேளுங்கள். கணவர் கேட்ட கேள்விக்கு “இன்னும் தெரியலைங்க, தேடிக்கிட்டு இருக்கேன், நீங்களும் பார்த்துச் சொல்லுங்க” என்று சொன்னாலே அது நல்ல பதில்.

அப்பாவுக்காக ஒன்று செய்யுங்கள். நாலு நாள் தொடர்ந்து, ஒரு நாளைக்கு 15 நிமிடம், ஒரு நோட்டில் கையால் எழுதுங்கள். அவர் போன அந்த ராத்திரி, தகவல் வந்த நேரம், உசிலம்பட்டிக்குப் போன அந்தப் பயணம், அவரிடம் கேட்காமல் விட்டது, சொல்லாமல் விட்டது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்த முறை உலகெங்கும் சோதிக்கப்பட்டு வருகிறது. பலன் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை என்றாலும் உங்களைப் போல் உள்ளே பூட்டிவைத்தவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதைத்தான். எழுதி முடித்ததும் மனம் கொஞ்ச நேரம் கனக்கும், அது இயல்பு. தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அம்மா உசிலம்பட்டியில் இருக்கிறார் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அப்பாவைப் பற்றி மட்டும் அவரோடு பேசிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் சந்தோஷமான வேலை. உங்கள் போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். அதில் பத்துப் பன்னிரண்டை மட்டும் பொறுக்கி ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுங்கள். அழகான படங்கள் என்று பொறுக்க வேண்டாம். உங்கள் வாழ்க்கை திரும்பிய இடம், உச்சியில் இருந்த இடம், அடியில் கிடந்த இடம் என்று பொறுக்குங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் நரேஷன் எழுதுங்கள். சில படங்களுக்குப் பின்னால் எழுத வருவது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அளவீடுகளில் எதை வைத்துக்கொள்வது? இந்த எண் மாறினால் நான் எதையாவது வேறு மாதிரி செய்வேனா என்று ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். செய்வேன் என்றால் இருக்கட்டும். ரத்த அழுத்தம், மருத்துவர் சொன்ன சுகர் பரிசோதனை, மாதச் செலவு, இந்த மூன்றும் தேறும் என்று நினைக்கிறேன். மாதவிலக்குத் தேதியைக் குறித்துவையுங்கள், மகளிர் மருத்துவருக்கு உதவும். துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்று எச்சரிக்கும் வசதி வாட்சில் இருந்தால் அதை மட்டும் விட்டுவைக்கலாம். அப்படி எச்சரிக்கை வந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். தூக்க மதிப்பெண், ஸ்ட்ரெஸ் அளவு, மனநிலை ஆப் மூன்றும் போகட்டும். ராத்திரி வாட்சைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள், 3 மணிக்கு விழித்தால் எட்டிப் பார்க்க எதுவும் இருக்கக் கூடாது. முதல் சில நாள் கை பரபரக்கும். மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போகும்போது செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போகிறீர்கள், பிராகாரம் சுற்றி வருவதற்குள் அதை மறந்தும் போகிறீர்கள். வீட்டிலும் அது நடக்கும்.

மகள் வருத்தப்படுவாள் என்கிறீர்கள். பயத்தில் வாங்கித் தந்திருப்பாள், தாத்தாவைப் பறிகொடுத்த கையோடு அம்மாவையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று. உங்கள் தூக்கமும் துடிப்பும் சென்னையில் அவள் போனிலும் தெரிகிற மாதிரி செய்துவைத்திருந்தால், அவளிடம் சொல்லிவிட்டு அந்த இணைப்பை நிறுத்துங்கள். பகலில் நேரம் பார்க்க வாட்ச் கையில் இருக்கட்டும். மகளிர் மருத்துவரைப் பார்த்ததும், ஈ.சி.ஜி. எடுத்ததும் என்ன வந்தது என்று அவளுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். கூடவே ஆபீஸில் அந்தப் பெண்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், இதுவரை அவளிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு மாதம் கழித்தும் விடியற்காலை விழிப்பும் பாரமும் குறையவில்லை என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான வேறு இடத்திலோ மனநலப் பிரிவில் நேரில் காட்டுங்கள்.